பேனல் ரூமுக்கு அடுத்த நாற்காலி

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வேலைக்கு வந்த முதல் நாளே உங்களுக்கு ஹெல்மெட், ஷூ, கையுறை, கண்ணாடி எல்லாம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நான் எழுதப்போகிற சங்கதி ஹெல்மெட்டுக்கும் நிற்காது, செங்கல் சுவருக்கும் நிற்காது. கண்ணுக்குத் தெரியாது, சூடு தெரியாது, வாசனையும் கிடையாது. அதைவிடக் கொடுமை, அது இருப்பது தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது. அப்படி மூடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

திருவொற்றியூரில் நீங்கள் இப்போது வேலை செய்கிற இதே ஃபவுண்டரியில் முப்பத்தோரு வருடம் எலெக்ட்ரிகல் மெயின்டெனன்ஸ் பார்த்தேன். ஹெல்ப்பராக நுழைந்து சூப்பர்வைசராக வெளியே வந்தேன். வீடு தண்டையார்பேட்டை. பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு, எல்லோருக்கும் நான் பாய்தான். இரண்டு மாதம் முன்பு நிர்வாகத்திலிருந்து போன் வந்தது. "புதுப் பசங்களுக்கு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க பாய், கொஞ்சம் உற்சாகமா இருக்கட்டும்" என்றார்கள். உற்சாகமாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் இன்னொரு போன் வந்தது. அது நிர்வாகத்திலிருந்து வரவில்லை. அதன் பிறகுதான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எழுதியதை நிர்வாகத்திடம் கொடுக்காமல் நேராக உங்களுக்கே அனுப்புகிறேன். அந்த போனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சாத்தாங்காட்டிலிருந்து லாரியில் பழைய இரும்பு ஸ்கிராப் வருகிறது. அதை மின்சார உலையில், அதாவது ஃபர்னஸில், உருக்குகிறோம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஃபர்னஸ் பேனலுக்கு வருகிற கரண்டைச் சாதாரண ஒயர் தாங்காது, பட்டையான செம்புக் கம்பிகள் வழியாக வருகிறது. பஸ்பார் என்போம். கரண்ட் ஓடுகிற இடத்தைச் சுற்றிக் காந்தப் புலம் இருக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். கரண்ட் கூடினால் அதுவும் கூடும். தள்ளிப் போனால் மளமளவென்று குறைந்துவிடும். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பேனல் ரூமுக்கு ஏசி உண்டு. மனிதனுக்காகப் போட்டதல்ல, பேனலுக்குள் இருக்கும் மின்னணுப் பலகைகள் சூடு தாங்காது என்பதற்காகப் போட்டது. அந்த அறைக்கும் பண்டகசாலைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. இடம் வீணாகப் போகிறதே என்று யாருக்கோ மனசு பொறுக்கவில்லை. ஒரு கதவு வைத்து, பேனல் ரூம் சுவரின் மேல்பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு, ஏசிக் காற்று இந்தப் பக்கமும் வரும்படி செய்து, டெஸ்பாட்ச் ஆபீஸ் என்று போர்டு மாட்டினார்கள். மேஜையும் நாற்காலியும் அந்தச் சுவரை ஒட்டிப் போடப்பட்டன. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி, பஸ்பார்.

அந்த நாற்காலிக்கு வந்தவள் தேசராணி. திருவொற்றியூர் கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பாவும் அண்ணனும் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள். அந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவள்தான். பிளஸ் டூவும் டைப்பிங்கும் முடித்திருந்தாள். வருகிற லாரிக்கும் போகிற லாரிக்கும் பில் போடுவது அவள் வேலை. லாரி டிரைவர்கள் பில் தாமதமாகிறது என்று சத்தம் போட்டால் இரண்டு மடங்கு சத்தம் போட்டு அவர்களை உட்கார வைத்துவிடுவாள். ஃபர்னஸ் பக்கம் வெந்து வேர்த்து வருகிறவர்கள் அவள் அறை வாசலில் ஒரு நிமிடம் நின்று, "கொடுத்து வெச்சவ நீ, ஏசிலயே குந்திகினு கீற" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஃபவுண்டரியிலேயே எல்லோரும் பொறாமைப்பட்ட இடம் அது.

அவள் வந்த மூன்றாவது மாதம் கம்ப்யூட்டர் மானிட்டர் ஆட ஆரம்பித்தது. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்போதெல்லாம் மானிட்டர் என்றால் பின்பக்கம் தொந்தி வைத்த பழைய டிவி மாதிரி இருக்கும். எழுத்தெல்லாம் தண்ணீரில் விழுந்த நிழலாக நெளிந்தது. அவளுக்குக் கண் வலி, தலைவலி. கம்ப்யூட்டர்காரர் வந்து மானிட்டரை மாற்றினார். புதிதும் ஆடியது. இன்னொன்று கொண்டுவந்தார். அதுவும் ஆடியது. "இன்னா பாய் இது, எந்த டப்பாவ வெச்சாலும் டான்ஸ் ஆடுது" என்று என்னைக் கூப்பிட்டாள்.

நான் எர்த் பார்த்தேன். ஸ்டெபிலைசரை மாற்றினேன். தனியாக லைன் இழுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு நாள் மதியம் சும்மா நின்று பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஃபர்னஸில் ஸ்கிராப்பைக் கொட்டி முழு பவர் வைக்கும்போது படம் நன்றாக ஆடுகிறது. உருகி முடித்து, ஆறாமல் இருக்க மட்டும் கொஞ்சம் பவரில் நிறுத்தி வைக்கும்போது, அதை ஹோல்டிங் என்போம், ஆட்டம் அடங்கிவிடுகிறது. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனேன். பத்தடிதான் இருக்கும். படம் சிலை மாதிரி நின்றது. திரும்பச் சுவரோரம் வைத்தேன். ஆடியது.

எனக்கு ஒரே பெருமை. "ஒயர்ல ஒண்ணியும் இல்லம்மா, சுவத்துல கீது" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். மேனேஜரிடமும் போய் விளக்கினேன். சுவருக்குப் பின்னால் பஸ்பார், அதன் காந்தப் புலம் படக்குழாயைக் குழப்புகிறது, தட்டையாகப் புது மாதிரி மானிட்டர் வந்திருக்கிறது, அதை வைத்தால் ஆடாது என்றேன். அவர் என் முதுகில் தட்டினார். அந்த வாரமே தட்டை மானிட்டர் வந்துவிட்டது. இந்த ஃபவுண்டரியில் ஒரு ஃபேன் கேட்டால் ஆறு மாதம் ஆகும், உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். மானிட்டருக்குத் தொந்தரவு என்றதும் ஒரே வாரம்.

பழைய மானிட்டர் நன்றாகத்தான் இருந்தது. கேட்டில் அப்போதுதான் கேமரா வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் பார்ப்பதற்கு அதைக் கொடுத்துவிட்டோம். ஆயுத பூஜைக்கு தேசராணி அதன் நெற்றியில் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன.

புது மானிட்டரை மாட்டிவிட்டு நான் கிளம்பும்போது அவள் ஒரு கேள்வி கேட்டாள். சுற்றிலும் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"பாய், டப்பாவ ஆட்டிவெச்சது இன்னும் சுவத்துலதான கீது? அது இப்ப ஆடாத டப்பா. நான் இங்கியேதான குந்திகினு கீறேன். எனக்கு ஒண்ணியும் ஆவாதா?"

"நீ இன்னாம்மா பிக்சர் டியூபா? போய் வேலையப் பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தொழிலில் என்னைக் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொன்ன நாள் அது. அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது. எவ்வளவு சரியான கேள்வி! மேஜையை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போட அரை மணி நேரம் போதும், இரண்டு ஆள் போதும். பத்தடி தள்ளினால் ஆட்டம் நிற்கிறது என்று கண்டுபிடித்தவனே நான்தான். எனக்கு அது தோன்றவில்லை. மானிட்டரைக் காப்பாற்றுவதுதான் வேலை என்று நினைத்துவிட்டேன். போதாததற்கு, சுவரில் ஒன்று இருக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியையும் தூக்கிக் கேட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்பது வருடம் அவள் அங்கேயே இருந்தாள். கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள். பிறகு ஒரு கோடையில் எதற்கெடுத்தாலும் களைப்பு என்றாள். கையில் எங்கேயாவது இடித்தால் நீலம் கட்டியது. சாயங்காலமானால் காய்ச்சல். ரத்தம் குறைவாக இருக்கும் என்று ஈரல் வாங்கி வறுத்துச் சாப்பிட்டாள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் புற்றுநோய் என்று சொன்னார்கள். தினமும் மாத்திரை போட்டால் கட்டுக்குள் வைத்திருக்கக்கூடிய வகை என்பது மட்டும் ஆறுதல்.

வீட்டுக்குப் பார்க்கப் போனேன். ஆப்பிள் பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"பாய், அந்த டப்பா ஞாபகம் கீதா?"

"கீது."

"டாக்டர்கிட்ட கேட்டேன். எதனால வந்துச்சுன்னு சொல்ல முடியாதும்மான்னு சொல்ட்டாரு. அதனாலதான்னு சொல்ல முடியாது, அதனால இல்லன்னும் சொல்ல முடியாதாம். நான் யார் மேலயும் பழி போடல பாய். ஆனா திரும்ப வந்தா எனக்கு அந்த சீட்டு வோணாம். அது போதும்."

நன்றாகக் கவனியுங்கள். அவள் கேட்டது நஷ்ட ஈடு இல்லை. மன்னிப்பு இல்லை. வேறு ஒரு இடத்தில் ஒரு நாற்காலி. கேட் பக்கத்து எடைமேடை கேபினில் ஆள் தேவையாகவும் இருந்தது.

ஐந்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். லெட்டர் எழுதிக் கொடுத்தாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு முறை போய்ப் பார்த்தவர். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"மாத்தறது பெரிய விஷயம் இல்லை ரஹீம். ஆனா மாத்தினா நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கு கேஸ் வந்தா, எதுக்கு மாத்தினீங்கன்னு கேப்பான். அவங்க அங்கேயே இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது."

எல்லாருக்கும் நல்லது! நோயாளிப் பெண் ஒருத்தி அதே சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால் கம்பெனி சுத்தம். பத்தடி தள்ளி உட்கார்ந்தால் கம்பெனி குற்றவாளி. இப்படி ஒரு கணக்கைப் படித்த மனிதர்கள் போட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வேலைக்குத் திரும்பியவளை வாரக்கணக்கில் அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதற்குள் அந்தச் சுவரைப் பற்றி மெஷினுக்கு மெஷின் பேச்சு பரவிவிட்டது. பேச்சை அடக்க, வெளியிலிருந்து ஆள் வைத்து அந்த அறையின் காந்தப் புலத்தை அளந்துவிடலாம் என்று முடிவானது.

அளக்க வருகிற நாள் காலையில் சாத்தாங்காட்டுக்கு ஒரு போன் போனது. இன்றைக்கு ஸ்கிராப் லாரி மதியத்துக்கு மேல் வந்தால் போதும். ஸ்கிராப் வராவிட்டால் ஃபர்னஸ் எதை உருக்கும்? முந்தைய உருக்கை வைத்துக்கொண்டு ஹோல்டிங்கில் நின்றது. பஸ்பாரில் கரண்ட் கொஞ்சம்தான். எல்லாம் எனக்குத் தெரியும். ஃபர்னஸ் ஆபரேட்டர் தணிகாசலத்துக்கும் தெரியும். அவன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"பாத்து பாய். எதுனா எக்குத்தப்பா எயிதி, சீலு கீலு வெச்சுட்டாங்கன்னா அல்லாரும் ரோட்லதான் நிக்கணும். உன் வூட்லயும் பொண்ணு கீது, என் வூட்லயும் கீது."

அளக்க வந்தது ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மீட்டரைப் பிடித்த விதத்திலேயே வேலை தெரிந்தவள் என்று தெரிந்தது. நாற்காலியின் உயரம், நெஞ்சு உயரம், தலை உயரம் என்று ஒவ்வொன்றாக அளந்தாள். பிறகு நிமிர்ந்து, மேனேஜரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்.

"சார், இப்ப ஃபர்னஸ் ஃபுல் லோடுல ஓடுதா?"

அவள் கேட்டதற்கும் நான் பதில் சொன்னதற்கும் நடுவில் மூன்று மூச்சு இருக்கும். மேனேஜர் என்னைப் பார்த்தார். தணிகாசலம் வாசலில் நின்று பார்த்தான். தேசராணி தலை குனிந்து பில் அடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் விரல்கள் நின்றுவிட்டன. உங்களுக்கும் இப்படி ஒரு மூன்று மூச்சு வரும், தம்பிகளே. யாரும் மிரட்ட மாட்டார்கள். கத்தியைக் காட்ட மாட்டார்கள். சும்மா உங்களைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் வாயில் வருகிற முதல் வார்த்தை எப்போதும் கோழையின் வார்த்தையாகத்தான் இருக்கும். ஆகையால் ஒரு நிமிடம் பொறுத்து இரண்டாவது வார்த்தையைச் சொல்லுங்கள்.

நான் பொறுக்கவில்லை. "ரெகுலர் லோடும்மா" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். நான் அவளை வெளியே வழியனுப்பப் போனபோது, மனசு கேட்காமல், இந்த அளவு வரை பரவாயில்லை என்று அறிக்கையில் ஒரு வரம்பு போடுகிறீர்களே, அது கேன்சருக்கு வைத்த வரம்பா என்று கேட்டேன்.

"இல்ல சார். நரம்பு, தசையில உடனே வர்ற பாதிப்புக்காக வெச்சது அது. வருஷக்கணக்குல ஒரே இடத்துல உக்காந்தா என்ன ஆகும்னு வரம்பு போடற அளவுக்கு இன்னும் தெளிவு இல்லை. புத்துநோய்க் காரணங்களை ஆராயறவங்க இதை 'உண்டாக்கக்கூடும்'ங்கற வரிசையில வெச்சிருக்காங்க. உண்டாக்கும்னு சொல்லல, உண்டாக்காதுன்னும் சொல்லல. அதனால முடிஞ்ச வரைக்கும் தள்ளி உக்காரச் சொல்லுங்க. அதுக்கு ஒண்ணும் செலவு இல்லையே."

என் மகள் வயதுப் பெண், வாசலில் நின்று எனக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போனாள். அறிக்கை வந்தது. வழக்கமான மின்சுமையில் அளக்கப்பட்டது, அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது. உள்ளதைச் சொன்னால், முழு லோடில் அளந்திருந்தாலும் அந்த வரம்பைத் தாண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். அது வேறு எதற்கோ வைத்த வரம்பு. கிணற்றின் ஆழத்தைக் கேட்டால் வாளியின் எடையைச் சொன்ன கதை. மேனேஜர் அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். தேசராணியின் லெட்டரிலும் அதை இணைத்து, புற்றுநோய் அபாயம் எதுவும் இல்லை என்று நிரூபிக்கப்பட்டுள்ளதால் இடமாற்றக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று எழுதினார்கள். அந்தப் பெண்ணின் அறிக்கையில் புற்றுநோய் என்ற வார்த்தையே கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். சோறு போட்டவன் நான்.

தேசராணி அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ரெகுலர் லோடுன்னு சொன்னியே பாய். அன்னிக்கு சாத்தாங்காட்டு லாரிக்கு பில்லு போட்டது நானு. மூணு மணிக்குத்தான் லாரியே வந்துச்சு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா?"

டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அங்கிருந்து கிளம்பிவிட்டேன். ஒரு மாதம் அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அவள் மேஜை மேல் தண்ணீர் பாட்டிலும் மாத்திரை டப்பாவும் இருக்கும். முதுகுக்குப் பின்னால் சுவர்.

அடுத்த பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டம் ஒரு வியாழக்கிழமை. மேனேஜர், உற்பத்திப் பிரிவிலிருந்து ஒருவர், தொழிலாளர் தரப்பில் இரண்டு பேர், நான். காலையிலேயே கேட்டுக்குப் போய் வாட்ச்மேனிடம் அந்தப் பழைய மானிட்டரைக் கழற்றித் தரச் சொன்னேன்.

"இன்னா பாய், நான் கேமராவ எப்டி பாக்கறது?"

"அர மணி நேரம் கண்ணால பாரு."

மானிட்டரைத் தூசி தட்டினேன். நெற்றியில் குங்குமம் மங்கலாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு தணிகாசலத்திடம் போனேன். அவன் மறுப்பான் என்று பயந்துகொண்டேதான் போனேன். அவன் என் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு பாய். ராத்திரியெல்லாம் தூக்கமே வர்ல. ஃபுல்லு பவர் எப்ப வோணும், சொல்லு."

கூட்டம் முடிகிற நேரத்தில், ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, எல்லோரும் டெஸ்பாட்ச் ரூம் வரை வர வேண்டும் என்றேன். வந்தார்கள். தேசராணியின் மேஜையில் தட்டை மானிட்டர் பக்கத்திலேயே பழையதை வைத்து ஒயரை மாற்றிக் குத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபர்னஸ் முழு பவரில் உறுமிக்கொண்டிருந்தது. திரையில் அவளுடைய பில் வந்தது. வந்ததும் ஆட ஆரம்பித்தது. எழுத்து, கோடு, எண் எல்லாம் நெளிந்தது. பிறகு அதைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போய் ஸ்டூல் மேல் வைத்தேன். நின்றது.

மேனேஜர்தான் முதலில் பேசினார். "சரி ரஹீம், ஆடுது. மானிட்டர் ஆடினா கேன்சர் வரும்னு அர்த்தமா? ஆதாரம் இருக்கா உங்ககிட்ட?"

"இல்ல சார். வரும்னு சொல்ற அளவுக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த மானிட்டர் ஆடினப்ப நீங்க ஆதாரம் கேக்கல சார். ஒரு வாரத்துல மாத்தினீங்க. ஒரு டப்பாவுக்குச் செஞ்சதத்தான் இந்தப் பொண்ணுக்குச் செய்யச் சொல்றேன்."

அதோடு நிற்கவில்லை. அளந்த அன்றைக்கு ஃபர்னஸ் ஹோல்டிங்கில் இருந்தது, ரெகுலர் லோடு என்று பொய் சொன்னது நான், எழுதியே தருகிறேன் என்றேன். மேனேஜர் முகம் சிவந்தது. என்ன பேசறோம்னு யோசிச்சுப் பேசுங்க என்றார். தேசராணி எழுந்து நின்றாள். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் எதிர்ச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள். தொழிலாளர் தரப்பில் வந்த இரண்டு பேரும் மேஜையின் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்தார்கள்.

மறுநாள் இரண்டு காகிதம் வந்தது. ஒன்று எனக்கு மெமோ. நிர்வாகத்துக்கு அவப்பெயர் உண்டாக்கும் வகையில் நடந்துகொண்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இன்னொன்று தேசராணிக்கு. எடைமேடை கேபினுக்கு மாற்றம், காரணம் 'நிர்வாக வசதி'. இதைப் படித்தபோது வந்த கோபம் மெமோவைப் படித்தபோது வரவில்லை. நல்லது செய்யும்போதுகூட உண்மையான காரணத்தை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. அளந்த நிறுவனத்துக்கும் நான் கடிதம் எழுதினேன். அளக்கச் சொன்னவர்கள் கேட்டால்தான் மறுபடி அளக்க முடியும் என்று பதில் வந்தது. கேட்க வேண்டியவர்கள் இன்றுவரை கேட்கவில்லை.

எடைமேடை கேபினில் ஏசி கிடையாது. லாரிப் புழுதி, வெயில். முதல் நாள் போய்ப் பார்த்தேன். ஃபேன் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க மேலே நட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கடக்காத்து வருது பாய். இதுவே ஷோக்கா கீது" என்றாள். பிறகு சொன்னாள். "ஒரு வேல பாக்கி கீது பாய். அந்த ரூம்ல அந்தச் சுவத்தாண்ட இனிமே யாரும் குந்தக் கூடாதுன்னு எயிதி வாங்கிடு. என்னிய மாத்திட்டாங்க, சீட்டு அங்கியேதான கீது."

செய்கிறேன் என்றேன். அப்போது என் மெமோ விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சம்பள உயர்வை நிறுத்தி வைத்திருந்தார்கள். இப்போது வேண்டாம், கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். அறையும் பூட்டியே கிடந்தது. பூட்டிக் கிடக்கிற அறைக்கு எதற்குக் காகிதம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆறட்டும் ஆறட்டும் என்று ஆறப்போட்டு ரிட்டயரும் ஆகிவிட்டேன். பிரிவு உபசார விழாவில் மேனேஜர் எனக்குச் சால்வை போட்டார். நானும் சிரித்தபடி வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த இரண்டாவது போனுக்கு வருகிறேன். பேசியது தேசராணி. இன்றைக்கும் எடைமேடையில்தான் இருக்கிறாள், இன்றைக்கும் தினமும் மாத்திரை. கேட்டில் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்பதெல்லாம் அவள் கண்ணில் படாமல் தப்பாது.

"பாய், நீ எயிதி வாங்கல இல்ல?"

என்ன என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அந்த ரூம தொறந்து பெயின்ட் அடிச்சு, ட்ரெயினிங் ரூம்னு போர்டு வெச்சுக்கீறாங்கோ. புதுப் புள்ளைங்கள பொயுதன்னிக்கும் அங்கதான் குந்த வெக்கிறாங்கோ. கிளாஸு, சோறு, ரெக்கார்டு எயிதறது, அல்லாமே அங்கதான். படம் காட்டற துணி எதுத்தாப்புல கீதுன்னு சேரையெல்லாம் வரிசையா அந்தச் சுவத்தாண்டயே போட்டுக்கீறாங்கோ. ஒரு பையன்கிட்ட சொன்னேன் பாய். தள்ளிக் குந்துங்கப்பான்னு. அவன் சிரிக்கிறான். நாங்க இன்னாக்கா பழைய மானிட்டரான்னு கேக்கிறான். யாரோ அவனாண்ட கதைய சொல்லிக்கீறாங்கோ."

அது என்னுடைய சிரிப்பு. இத்தனை வருடம் சுற்றி அதே அறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் யார் என்று தெரிந்துகொள்ளவும் வேண்டாம். என் மேல்தான் கோபம், அந்த அறைக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னவர்கள் மேல் கோபம். அந்தப் போர்டை மாட்டியவர்களுக்கு எல்லாம் தெரியும். கமிட்டிக் கூட்டத்துக் குறிப்பேட்டில் என் கையெழுத்தோடு எல்லாம் இருக்கிறது. ஏசி வீணாகப் போகிறதே என்று மறுபடியும் யாருக்கோ மனசு பொறுக்கவில்லை.

ஆறு மாதப் பயிற்சியில் உங்களுக்கு எதுவும் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பயமுறுத்துவதற்கு எனக்கு உரிமை இல்லை, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னதால்தான் இவ்வளவும் நடந்தது. நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் பஸ்பார் இருக்கிறது. பத்தடி தள்ளினால் அதன் ஆட்டம் நின்றுவிடுகிறது. என் கண்ணால் பார்த்தது அது.

இதை அந்த அறையில் உட்கார்ந்துதான் படித்துக்கொண்டிருப்பீர்கள். எழுந்திருங்கள். நாற்காலிகளை எதிர்ச் சுவருக்கு இழுத்துப் போடுங்கள், படம் காட்டுகிற துணியை இந்தப் பக்கம் மாட்டுங்கள். போட்ட பிறகு, இந்தச் சுவரோரம் யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்று ஒரு காகிதம் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். நான் வாங்காமல் விட்ட காகிதம் அது. யார் சொல்லி இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று கேட்டால் பாய் சொன்னார் என்று சொல்லுங்கள். இனிமேல் எனக்கு மெமோ கொடுக்க முடியாது.